இடுகாட்டில் அரசியல்

இடுகாட்டில் அரசியல் பேசக் கூடாது என்று சொல்லும் பெரிய மனிதர்கள் எல்லாத் தேசத்திலும் உண்டு. செத்தவன் செத்தான், எப்படிச் செத்தான் என்று கிளறுவானேன் என்பது அவர்கள் கட்சி. அவர்களை அமெரிக்காவிலே, டெக்ஸஸ் ராஜ்யத்தில் கம்ஃபர்ட் என்ற சிற்றூருக்கு ஒரு நடை அழைத்துப் போக வேண்டும்.

1854இல் ஜெர்மானியக் குடியேறிகள் உண்டாக்கிய ஊர் அது. அவர்களில் பலருக்கு அடிமை முறை பிடிக்காது. 1861இல் டெக்ஸஸ் ஐக்கிய நாடுகளிலிருந்து பிரிந்து தென்ராஜ்யங்களின் கூட்டில் சேர்ந்தது. மறு வருஷம் கட்டாய ராணுவ சேவைச் சட்டம் வந்தது. அந்தக் கூட்டுக்காகத் துப்பாக்கி தூக்க மாட்டோம் என்று, சுற்றுவட்டாரத்து ஜெர்மானியர் அறுபது பேருக்கு மேல் மெக்ஸிகோவை நோக்கிப் புறப்பட்டார்கள்.

1862 ஆகஸ்ட் 10ஆம் தேதி, விடிவதற்கு முன்பே, நூவேசஸ் ஆற்றங்கரையில் தென்ராஜ்யப் படை அவர்களைத் தாக்கியது. சண்டையில் 19 பேர் விழுந்தார்கள். காயம்பட்டுக் கிடந்த 9 பேரைப் பிறகு சுட்டுக் கொன்றார்கள். படையினர் தங்கள் ஆட்களை அடக்கம் செய்தார்கள். இவர்களை அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள்.

மூன்று வருஷம் கிடந்தன அந்த எலும்புகள். 1865இல் யுத்தம் முடிந்த பிறகுதான் உறவினர்கள் போய்ப் பொறுக்கியெடுத்து, கம்ஃபர்ட்டுக்குக் கொண்டுவந்து புதைத்தார்கள். மறு வருஷம் அதே ஆகஸ்ட் 10இல் அங்கே ஒரு நினைவுக்கல் எழுந்தது. அதில் வாசகம் ஜெர்மன் மொழியில். ஐக்கியத்துக்கு விசுவாசம் என்று தலைப்பு. மாண்டவர்களின் பெயர்களைப் பொறித்தவர்கள், சண்டையில் விழுந்தவர்களை ஒரு பக்கமும், பிடிபட்டுக் கொலையுண்டவர்களை வேறாகவும் பிரித்தே பொறித்தார்கள்.

அந்தப் பிரிவினைதான் எனக்கு முக்கியம். தோற்ற கட்சிக்காரர்கள் அண்டை அயலில் வாழும்போதே, கொலையைக் கொலை என்று கல்லில் வெட்டிவைக்க நெஞ்சுரம் வேண்டும். ‘எல்லாரும் போரில் மடிந்தார்கள்’ என்று பொதுவாக எழுதியிருந்தால் யாருக்கும் மனவருத்தம் வந்திராது. ஆனால் ஆயுதத்தோடு எதிர்த்து நின்றவனைச் சுட்டதும், எழுந்திருக்க முடியாதவனைச் சுட்டதும் ஒன்றாகிவிடும். கொன்றவனுக்கு அதைவிட வேறென்ன சலுகை வேண்டும்?

அவர்கள் ராணுவத்துக்குத் தப்பி ஓடியவர்கள்தானே என்று இன்னும் வாதாடுவோர் உண்டு. இருக்கட்டும். ஓடியவனைப் பிடித்தால் விசாரணை உண்டு, சிறை உண்டு; காயம்பட்டவனைக் கொல்வதற்கு எந்தச் சட்டத்தில் இடம்?

இடுகாட்டில் அமைதி வேண்டும் என்கிறீர்களே, ஐயா! நூவேசஸ் கரையில் அந்த எலும்புகள் வெயிலிலும் மழையிலும் கிடந்தபோது, ஒரு கைப்பிடி மண் போட்டு அந்த அமைதியைத் தர உங்கள் கட்சிக்காரர் ஒருவரும் வரவில்லையே?