சிறுநீர் அடைப்பும் நமது வெட்கமும்

இஷா தொழுதுவிட்டு வீடு திரும்பிய முதியவருக்கு அடிவயிறு கல்லாய் இறுகுகிறது. பலமுறை கழிப்பறைக்குச் சென்றும் ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. மகனிடம் சொல்ல வெட்கம். மருமகள் காதில் விழுந்துவிடுமோ என்ற தயக்கம். ஃபஜ்ர் வரை பல்லைக் கடித்துப் பொறுத்துப் பார்க்கிறார். முடியாமற்போகவே வீட்டார் தேடுவது மருத்துவமனையை அன்று. அறிமுகமான கம்பவுண்டர் ஒருவரை. வீட்டுக்கே வந்து டியூப் போட்டுவிடுவார், வெளியே தெரியாது என்பது அவர்களுக்கு ஆறுதல். நூம்பலிலும் அதைச் சுற்றியும் வாழும் நம் குடும்பங்களுக்கு இந்தக் காட்சி அந்நியமானதன்று.

அந்த ஆறுதல் ஆபத்தானது என்பதே நமது கருத்து.

ஏறத்தாழ 400 முதல் 500 மில்லி நிறைந்ததும் வெளியேற்றத் தூண்டும் சிறுநீர்ப்பை, அடைப்பின்போது ஒரு லிட்டர் வரையிலும் அதற்கு மேலும் விரிந்துவிடுகிறது. முதிய ஆண்களிடம் இதற்குப் பெரும்பாலும் புரோஸ்டேட் சுரப்பியின் வீக்கமே காரணம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரையும், பல நாள் மலச்சிக்கலும்கூட இருக்கும் வீக்கத்தை முழு அடைப்பாக்கிவிடும். குழாய் வழியே நீரை வெளியேற்றுவதுதான் உடனடித் தீர்வு. கேள்வி, அதை யார், எப்படிச் செய்கிறார் என்பதே.

1930களில் அமெரிக்க மருத்துவர் ஃபிரடெரிக் ஃபோலி வடிவமைத்த, நுனியில் பலூன் கொண்ட குழாயே இன்றும் பயன்படுகிறது. கிருமி நீக்கிய கையுறை, மரத்துப்போகச் செய்யும் ஜெல், பொருத்தமான அளவு ஆகியவை முதல் நிபந்தனைகள். குழாயை முழுமையாக உட்செலுத்திச் சிறுநீர் வழிவதைக் கண்ட பிறகே பலூனில் நீர் ஏற்ற வேண்டும். பாதி வழியில் ஏற்றினால் சிறுநீர்த் தாரை கிழிந்து குருதி கொட்டும். ஆறிய பின்னும் அந்த இடம் சுருங்கிக் காலமெல்லாம் துன்பம் தரலாம். தடை தட்டினால் வலிந்து தள்ளலாகாது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளாகி, உறுப்பின் நுனியில் குருதி தெரியும் ஒருவருக்கு, பரிசோதிக்காமல் குழாய் செலுத்துவது இன்னும் பெரிய தவறு. அத்தகையோருக்கு அடிவயிற்றின் வழியே சிறுநீர்ப்பையை அடையும் முறை உண்டு. அதற்கு மருத்துவமனைதான் வேண்டும்.

குர்துபாவின் மருத்துவ மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவீ, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வெள்ளியாலான சிறுநீர்க் குழாயைப் பற்றி எழுதியவர். அதைச் சொல்லிப் பெருமைப்படும் நாம், அறுவை மருத்துவ நூலின் முன்னுரையில் அவர் வருந்தி எழுதியதைப் படிப்பதில்லை. சிறுநீர்ப்பைக் கல்லை எடுக்கத் துணிந்த அறியாத ஒருவன், பையின் ஒரு பகுதியையும் சேர்த்து எடுத்துவிட, நோயாளியான முதியவர் சில நாட்களில் இறந்ததை அவர் பதிவு செய்கிறார். மருத்துவம் அறிந்தவராக அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் நபிமொழியொன்று அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. அழைத்து வந்த நமக்கு அதில் பங்கில்லையா?

ஹயா ஈமானின் பகுதி என்பதில் ஐயமில்லை. ஆயினும் சிகிச்சைக்குத் தேவையான அளவு அவ்ரத்தை மருத்துவரிடம் காட்டுவதற்கு மார்க்கம் இடமளித்துள்ளது. ஆணுக்கு ஆண் ஊழியரையும் பெண்ணுக்குப் பெண் ஊழியரையும் கேட்டுப் பெறுவதில் தவறொன்றுமில்லை. பூந்தமல்லி அரசு மருத்துவமனையும், வேலப்பன்சாவடியின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நூம்பலுக்குத் தொலைவில் இல்லை. நள்ளிரவானால் 108 இருக்கிறது.

குழாயோடு வீடு திரும்பிய பின், தொழுகை கூடுமா என்ற கவலை நம் பெரியவர்களை வாட்டுகிறது. கூடாதோ என்று அஞ்சிக் குழாயைப் பிடுங்கி எறிய முனைபவரும் உண்டு. ஊதிய பலூனோடு அது வெளிவந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. சிறுநீர் அடங்காதவருக்குரிய சலுகையே இவருக்கும் உரியது: நேரம் வந்த பிறகு வுளூ செய்து தொழுதுகொள்ளலாம். ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபுகளிடையே நுணுக்கங்களில் வேறுபாடு உண்டு. உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பையைத் தொழுகைக்கு முன் காலி செய்யுங்கள். இடுப்புக்கு மேல் தூக்காதீர்கள். குழாயையும் பையையும் பிரிக்காதீர்கள். தண்ணீரால் சுத்தம் செய்யும் நம் வழக்கம் இங்கே பெரும் உதவி: குழாய் நுழையும் இடத்தை நாள்தோறும் சோப்பும் நீரும் கொண்டு கழுவினால் போதும்.

குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 8 விழுக்காடு கூடுகிறது. காய்ச்சலோ குளிரோ கண்டால் தாமதிக்கக் கூடாது. புரோஸ்டேட் தசையைத் தளர்த்தும் மாத்திரை கொடுத்து, இரண்டு மூன்று நாட்களில் குழாயை எடுத்துப் பார்ப்பது மருத்துவர்கள் பின்பற்றும் முறை. எனவே வார்டிலிருந்து கிளம்பும்போதே, எந்தத் தேதியில் எடுப்பீர்கள் என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.