நீர் நின்றது, நகர் இறங்கிற்று!



ஆணையிட்டு ஒரு நகரை அமைத்துவிடலாம். ஆணையிட்டே அதனை வாழவைக்க முடியுமா? விடை வேண்டுவோர் பிரெஞ்சு நாட்டு லியோன் நகரின் பழங்கதையைப் படித்திடல் வேண்டும். அந்நாடு கவுல் என்றும், அந்நகர் லுக்டூனம் என்றும் வழங்கிய காலத்துக் கதை அது.

கி.மு. 43. சீசர் கொலையுண்ட மறு ஆண்டு. வியேன் நகரிலிருந்து விரட்டப்பட்ட ரோமானியரைக் குடியமர்த்துமாறு செனட் சபை பணித்தது. ரோன், சோன் எனும் ஆறுகள் கூடுமிடத்தருகே, குன்றின்மீது, பிளாங்கஸ் எனும் தளபதி நகரை நிறுவினான். அங்கிருந்து நாற்றிசையும் சாலைகள் பிரிந்தன. நாணயச் சாலை எழுந்தது, நாடக அரங்கு எழுந்தது. கவுல் நாட்டு மூன்று மாநிலப் பேராளரும் ஆண்டுதோறும் அங்கே கூடினர்.

குன்றிலே குடிநீர் ஏது? தொலைவிலிருந்து கொணர்ந்தனர்! நகருக்கு நான்கு கால்வாய்கள். ஒன்றின் நீளம் மட்டும் ஏறத்தாழ 85 கிலோமீட்டர். பள்ளத்தாக்கைக் கடந்திட ஈயக் குழாய்கள். பிளாங்கஸின் பெயரை வரலாறு சொல்கிறது. கல் சுமந்தவர் பெயரைச் சொல்கிறதா?

அவ்வூரிலே பிறந்தவன் பேரரசன் கிளாடியஸ். கவுல் நாட்டுப் பெருமக்களுக்கும் செனட் சபையில் இடம் தருக என்று கி.பி. 48-இல் வாதாடினான். எதிர்ப்பை மீறி வென்றான். அவ்வுரை பொறித்த வெண்கலப் பலகை 1528-இல் லியோனிலேயே கிடைத்தது. பெருமக்களுக்குக் கதவு திறந்தது, மெய்தான். ஏர் பிடித்தவனுக்கு?

கி.பி. 197. அரியணைக்காக செவெரஸும் அல்பினஸும் அந்நகரருகே மோதினர். இருபுறமும் ரோமானியப் படைகளே! அல்பினஸ் மாண்டான். வென்ற படை நகரைச் சூறையாடிற்று. பின்னர்த் தலைமைச் சிறப்பும் திரியர் நகருக்குப் பெயர்ந்தது. பேணுவாரற்ற கால்வாய்கள் வறண்டன. குன்றில் வாழ்ந்தோர் ஆற்றங்கரைக்கு இறங்கினர். மாளிகைக் கற்களைப் பெயர்த்து வேறு கட்டடங்களுக்குக் கொண்டுசென்றனர்.

பர்கண்டியர் படையெடுத்து வந்து அழித்தனரோ என்பீர்கள். அல்ல! அவர்கள் அப்பகுதியில் ஆட்சி அமைத்தது ஐந்தாம் நூற்றாண்டில். குன்று அதற்கு முன்பே வெறிச்சோடிவிட்டது. பதவிப் போட்டியும் பராமரிப்பின்மையும் செய்த வேலை அது.

ஆனால் தோழர்களே, ஊர் மடியவில்லை! ஆணை தந்த நீர் நின்றது, ஆறு நிற்கவில்லை. அந்த ஆற்றங்கரையிலே லியோன் இன்றும் வாழ்கிறது. மேலிடத்துத் தயவில் நிற்பது அத்தயவு அற்ற அன்றே சாயும். மக்கள் தம் வாழ்வால் தாங்கி நிற்பதே நிலைக்கும். குன்றேறி அமர்ந்திடும் எவரும், எக்கட்சியினராயினும், இதை மறத்தலாகாது.