சைலன்ஸர் சிவந்தா... சந்தேகப்படுங்க!

இந்த வாரம் வந்த கடிதங்கள்ல ஒண்ணு நம்மை ரொம்பவே யோசிக்க வெச்சிடுச்சு. எழுதினவர் மெக்கானிக்கல் மூணாவது வருஷ மாணவர். 'சார், பஜா போட்டிக்காக எங்க டீம் ஒரு ஏடிவி பண்ணியிருக்கோம். அஞ்சு நிமிஷம் ஓடினாலே பெண்ட் பைப் செவசெவன்னு பழுக்குது. போட்டிக்கு மூணு வாரம்தான் இருக்கு. ஹெச்.ஓ.டி. பார்த்தா வண்டியை வெளியவே விட மாட்டார். ஹீட் ரேப் துணி சுத்தி மறைச்சிடலாமா?'

வேண்டாம் நண்பரே! காய்ச்சல் வந்தவனுக்குப் போர்வையைப் போர்த்திட்டு, 'ஜுரம் போயிடுச்சு'ன்னு சொல்ற கதைதான் இது. துணி சுத்தினா நிறம்தான் மறையும். சூடு பைப்புக்குள்ளேயே தங்கி இன்னும் ஏறும்.

முதல்ல ஒரு ஆறுதல். எல்லா சிவப்பும் ஆபத்து இல்லை. இரும்பு சுமார் 500 டிகிரி செல்ஷியஸ் தாண்டினாலே இருட்டில் மங்கலாகச் சிவக்கும். காத்தே இல்லாத ஷெட்ல, நிறுத்தின வண்டியை ஐடிலில் ஓடவிட்டா, மெல்லிய பைப் எஞ்சினை ஒட்டின இடத்தில் லேசாச் சிவக்கலாம். ஆனா பட்டப்பகல்லயே செர்ரிப் பழம் மாதிரி ஜொலிச்சா, அது சுமார் 750 டிகிரி. உடனே ஆஃப் பண்ணுங்க!

ஏன் இப்படி ஆகுது? எஞ்சினுக்குள்ளேயே எரிஞ்சு முடிய வேண்டிய நெருப்பு, பைப்புக்குள்ள வந்து எரியுது. அவ்வளவுதான் விஷயம். அதுக்குக் காரணம் யாருன்னு கண்டுபிடிக்கணும். செலவில்லாத சோதனையிலிருந்து ஆரம்பிங்க.

முதல் சாட்சி, ஸ்பார்க் பிளக். எஞ்சின் ஆறினதும் கழட்டிப் பாருங்க. முனை காபிப் பொடி நிறத்தில் இருந்தா நல்லது. கரி அப்பியிருந்தா பெட்ரோல் ஜாஸ்தி. சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தா பெட்ரோல் கம்மி, காத்து ஜாஸ்தி. 1 கிராம் பெட்ரோல் முழுசா எரிய 14.7 கிராம் காத்து வேணும். காத்து ரொம்ப மிஞ்சினா கலவை மெதுவா எரியும்; எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் நெருப்பு அணையாது.

ரெண்டாவது, சோக். ஐடிலில் ஓடும்போது கொஞ்சமா இழுங்க. தடுமாறின எஞ்சின் சீரானா, பெட்ரோல் பத்தலைன்னு அர்த்தம். மாசக்கணக்கா டேங்க்ல கிடந்த பழைய பெட்ரோல் பிசினாகி ஜெட்டை அடைச்சிருக்கலாம். கழட்டிக் கழுவி, காத்தடிச்சு சுத்தம் பண்ணுங்க. கம்பி விட்டுக் குத்தாதீங்க, ஓட்டை பெருசாயிடும்.

மூணாவது, கள்ளக் காத்து. கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கிற ரப்பர், கேஸ்கட் மேல தண்ணியை லேசா ஸ்ப்ரே பண்ணுங்க. எஞ்சின் சத்தம் மாறினா அங்கே லீக் இருக்கு. பெட்ரோலோ கார்ப் கிளீனரோ அடிக்கவே கூடாது! பக்கத்தில் பழுத்த பைப் இருக்குங்கிறது ஞாபகம் இருக்கட்டும். அந்தப் பைப் மேல தண்ணியும் படக்கூடாது.

நாலாவது, அடைப்பு. சைலன்ஸர் முனையில் இருக்கிற தீப்பொறி தடுப்பு வலையைப் பாருங்க. கரியும் சேறும் அடைச்சிருந்தா சூடு வெளியே போக வழியில்லை.

இதெல்லாம் சரியா இருந்தா டேப்பட்டும் டைமிங்கும். எக்ஸாஸ்ட் டேப்பட் ரொம்ப டைட்டா இருந்தா வால்வு முழுசா மூடாது; சீக்கிரமே கருகிடும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஃபில்லர் கேஜ் வெச்சு, மேனுவல் சொல்ற அளவுக்கு செட் பண்ணுங்க. சமீபத்தில் யாராவது ஃப்ளைவீலைக் கழட்டினாங்களா? உண்மையைச் சொல்லச் சொல்லுங்க! அதில் இருக்கிற சின்ன 'கீ' பாதி நசுங்கினாலே டைமிங் தள்ளிப் போயிடும். பொறி லேட்டா வந்தா நெருப்பும் லேட்டாத்தான் அணையும்.

ஒரு கண்டிஷன்: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். நாலையும் ஒண்ணா மாத்திட்டா, எது குணமாக்கினதுன்னு தெரியாமலே போயிடும். இன்னொண்ணு, எஞ்சினை மாத்தியமைக்க பஜா விதி இடம் கொடுக்காது. சுத்தம் பண்ணலாம், செட் பண்ணலாம். 'ட்யூனிங்' கில்லாடித்தனம் வேண்டாம்.

இவ்வளவு ஏன் கவலைப்படணும்? 2016-ல் அமெரிக்காவில் போலாரிஸ் நிறுவனம், தீப்பிடிக்கும் அபாயத்தால் சுமார் 1,33,000 ஆர்.இசட்.ஆர். வண்டிகளைத் திரும்ப அழைச்சது. பெரிய கம்பெனிக்கே அந்த நிலைமை. உங்க வண்டியோ நாலு மணி நேரம் சேத்திலும் புதரிலும் ஓடணும். காய்ஞ்ச புல் பழுத்த பைப்பில் ஒட்டினா என்னாகும்? உள்ளே பெல்ட் கட்டி உட்கார்ந்திருக்கிறது உங்க ஃப்ரெண்ட்!

அதனால நண்பரே, துணிக்காசுல ஒரு ஃபில்லர் கேஜ் வாங்குங்க. ஹெச்.ஓ.டி.கிட்ட நீங்களே போய், 'சார், பைப் பழுக்குது, இதையெல்லாம் செக் பண்ணிட்டோம்'னு லிஸ்ட்டை நீட்டுங்க. திட்டு கொஞ்சம் விழும். ஆனா மூணு வாரம் தாராளமாப் போதும்.