நாய்க்குட்டிக்குச் செரிமானத் தூள் தேவையா?

எட்டு வார நாய்க்குட்டி ஒன்று உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் நாளே அதற்கு வயிற்றுப்போக்கு. "நொதித் தூள் வாங்கி உணவில் கலந்து கொடு, சரியாகிவிடும்" என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். செல்லப்பிராணிக் கடையிலும் அவை வரிசையாக இருக்கும். வாங்கலாமா? மருத்துவர் சொல்லாதவரை வேண்டாம் என்பதே என் கருத்து.

நம் உமிழ்நீரில் மாவுச்சத்தைச் சிதைக்கும் அமிலேஸ் என்னும் நொதி உண்டு. நாயின் உமிழ்நீரில் அது மிக மிகக் குறைவு. அதனால் நாய்க்கு நொதி போதாது என்று சிலர் வாதிடுகிறார்கள். ஆனால், அந்த வேலையை நாயின் கணையம் செய்துவிடுகிறது. 2013ஆம் ஆண்டு 'நேச்சர்' ஆய்விதழில் வெளிவந்த ஆய்வு ஒன்று இதைப் பற்றிச் சுவையான தகவலைத் தந்தது. கணைய அமிலேஸை உருவாக்கும் மரபணுவின் படிகள் ஓநாயிடம் 2 மட்டுமே இருந்தன. நாய்களிடமோ 4 முதல் 30 வரை இருந்தன. மனிதனோடு சேர்ந்து வாழ்ந்ததில், மாவுச்சத்தைச் செரிக்கும் திறன் நாய்க்குக் கூடியிருக்கிறது.

நொதித் தூள் உண்மையிலேயே தேவைப்படும் நாய்களும் உண்டு. கணையம் போதிய நொதிகளைச் சுரக்காத நோய் ஒன்று இருக்கிறது. ஜெர்மன் ஷெப்பர்ட் இனத்தில் இது அதிகம். அந்த நாய் எவ்வளவு தின்றாலும் மெலியும். இரத்தப் பரிசோதனையில் நோய் உறுதியானால், வாழ்நாள் முழுதும் உணவோடு நொதி தரவேண்டும். அது மருந்து, ஆரோக்கியமான குட்டிக்கான சத்துணவு அல்ல.

"என் நண்பன் கொடுத்தான், இரண்டே நாளில் குணமானதே" என்று நீங்கள் கேட்கலாம். அறிவியல் பாடத்தில் படித்ததை நினைத்துப் பாருங்கள். தூள் கொடுக்காத குட்டியோடு ஒப்பிட்டோமா? சாதாரண வயிற்றுப்போக்கு பெரும்பாலும் தானாகவே ஓரிரு நாளில் நின்றுவிடும். பெருமை மட்டும் தூளுக்குப் போய்ச் சேரும். நன்மை தரும் நுண்ணுயிரிகள் அடங்கிய புரோபயாடிக் பற்றிச் சில ஆய்வுகள், வயிற்றுப்போக்கு சற்று விரைவில் நிற்பதாகச் சொல்கின்றன. வேறு சில ஆய்வுகளில் வேறுபாடு தெரியவில்லை. அதையும் மருத்துவரிடம் கேட்டுத் தருவதே நல்லது.

காசு வீணாவது சிறிய கவலைதான். பெரிய கவலை, காரணத்தைத் தேடாமல் விடுவது. உணவைத் திடீரென்று மாற்றியிருக்கலாம். பசும்பால் கொடுத்திருக்கலாம்; பால்குடி மறந்த பின் பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் திறன் குறைந்துவிடும். தாயிடமிருந்தே உருண்டைப் புழுக்கள் தொற்றியிருக்கலாம். எல்லாவற்றையும்விட ஆபத்தானது பார்வோ கிருமித் தொற்று. வாந்தி, இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, சோர்வு ஆகியவை அதன் அறிகுறிகள். சிகிச்சை தாமதமானால் சில நாள்களிலேயே குட்டி இறந்துவிடக்கூடும். தூளைக் கலந்துவிட்டு, "நாளை வரை பார்ப்போம்" என்று காத்திருக்கும் அந்த ஒரு நாள்தான் விலை உயர்ந்தது.

சத்து கூடினால் நல்லதுதானே என்றும் எண்ணாதீர்கள். கால்சியம் மிகுதியானால், பெரிய இனக் குட்டிகளின் எலும்பு வளர்ச்சியே பாதிக்கப்படும். மனிதர்களுக்கான மாத்திரைகள் சிலவற்றில் உள்ள சைலிட்டால் என்னும் இனிப்பு நாய்க்கு நஞ்சு.

அப்படியானால் என்ன செய்யலாம்? வளரும் குட்டிகளுக்கான முழுமையான, சமச்சீர் உணவு என்று உறையில் எழுதியிருக்கிறதா எனப் பாருங்கள். புதிய உணவைப் பழையதோடு கலந்து, ஒரு வாரத்தில் படிப்படியாக மாற்றுங்கள். பூச்சி மருந்தையும் தடுப்பூசியையும் தவறவிடாதீர்கள். இரத்தமோ வாந்தியோ சோர்வோ தெரிந்தால், அன்றே விலங்கு மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். தூள் வாங்க வைத்திருந்த வெள்ளியை அதற்குச் செலவிடலாம்.