கைமாறும் கருவிகள்

காஞ்சிபுரத்தில் பழைய பட்டுச்சேலையை விலைக்கு எடுப்போர் சரிகையைச் சுரண்டிப் பார்ப்பர். உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிந்தால் அசல் சரிகை எனக் கொள்வர். சரிகையில் உள்ள வெள்ளிக்கே விலை. உருக்கியபின் நெய்தவரின் கைத்திறன் எஞ்சுவதில்லை. பழம்பொருளின் மதிப்பை எதில் காண்பது என்னும் வினா மின்கிதாருக்கும் பொருந்தும்.

அமெரிக்காவில் 1952இல் கிப்சன் நிறுவனம் வெளியிட்ட லெஸ் பால், 1954இல் ஃபெண்டர் நிறுவனம் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஆகியவற்றின் தொடக்ககாலக் கிதார்களைச் செல்வர் பெரும்பொருள் கொடுத்து வாங்குகின்றனர். அவற்றுள் சில, வாசிப்பாரின்றிக் கண்ணாடிப் பேழைக்குள் கிடக்கின்றன. பூட்டிவைத்தால்தான் பழமை நிலைக்கும் என்பது சேகரிப்போர் வாதம். அருங்காட்சியகத்திற்கு அது தகும். ஆயினும், ஒலிக்காத கருவி வெறும் மரமும் கம்பியுமே.

பயன்படுத்திய கிதாரை வாங்கும் மாணவர் நிறுவனப் பெயரில் மயங்குதல் கூடாது. கழுத்துப்பகுதி முறுக்கிக்கொண்டுள்ளதா, மெட்டுகள் தேய்ந்துள்ளனவா, ஒலியளவுத் திருகைத் திருப்பினால் கரகரப்பு எழுகிறதா என வாசித்துப் பார்த்தல் வேண்டும். கரகரப்பை எளிதில் நீக்கலாம். தேய்ந்த மெட்டுகளை மாற்றலாம். முறுக்கிய கழுத்தைச் சீராக்குவது அரிது.

மேலைநாட்டு மாண்டலினின் மின்வடிவில் கருநாடக இசையை வாசித்து உலகப்புகழ் பெற்றவர் யு. சீனிவாஸ். கருவிக்குப் பெருமை சேர்ப்பது வாசிப்பவரின் பயிற்சியே என்பதற்கு அவர் சான்று. ஆகவே, பழைய கிதார் சேரவேண்டிய இடம் பூட்டிய பேழையன்று. பயிலத் துடிக்கும் இளையோரின் கையே ஆகும்.