சான்று கொடுப்பவர்கள் கணக்குக் காட்ட வேண்டும்: எங்கள் நிலைப்பாடு

மதுரை கே.கே. நகரில் கூடுகிற சிறிய கணினிப் பயனாளர் அமைப்பு எங்களுடையது. வக்கீல்கள், வரி ஆலோசகர்கள், டெண்டர் போடும் ஒப்பந்ததாரர்கள், மென்பொருள் எழுதுகிறவர்கள் எல்லாம் இதில் இருக்கிறோம். டிஜிட்டல் சான்றிதழ் வழங்கும் நிறுவனங்கள், தாங்கள் கொடுக்கும் ஒவ்வொரு சான்றிதழையும் திருத்தவோ அழிக்கவோ முடியாத பொதுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். தவறு நடந்தால் விசாரணை அறிக்கை முழுதாக மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். அரசு நடத்தும் நிறுவனத்துக்கும் இதில் விலக்குக் கூடாது. இது எங்கள் நிலைப்பாடு.

வங்கியின் இணையதளத்தைத் திறக்கிறோம். பிரௌசர் எந்த எச்சரிக்கையும் காட்டாமல் உள்ளே விடுகிறது. இது அந்த வங்கியின் தளம்தான் என்று ஒரு சான்றளிப்பு நிறுவனம் கையெழுத்துப் போட்டிருப்பதே காரணம். அந்தக் கையெழுத்து பொய்யாகிவிட்டாலும் தகவல் மறைகுறியாக்கப்பட்டுத்தான் போகும். போய்ச் சேரும் இடம் மட்டும் வங்கியாக இருக்காது. சங்கேத முறையை உடைக்கத் தேவையே இல்லாமல் உள்ளே நுழைந்துவிடலாம்.

இது நம் நாட்டிலேயே நடந்தது. 2014 ஜூலை 2 அன்று, தன்னுடைய தளப் பெயர்களுக்குத் தன் அனுமதி இல்லாமல் சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருப்பது கூகுளுக்குத் தெரியவந்தது. வழங்கியது தேசிய தகவலியல் மையம். மத்திய அரசின் சான்றளிப்பு நிறுவனங்களின் கட்டுப்பாட்டாளர், அதாவது சி.சி.ஏ., அந்த மையத்துக்கு அங்கீகாரம் கொடுத்திருந்தது. சி.சி.ஏ.வின் மூலச் சான்றிதழை மைக்ரோசாப்ட் தன் நம்பிக்கைப் பட்டியலில் வைத்திருந்தது. அதனால் விண்டோஸ் கணினிகளில் ஓடிய பெரும்பாலான மென்பொருள்கள் அந்தப் பொய்ச் சான்றிதழ்களை மெய்யென்றே ஏற்றிருக்கும். பயர்பாக்ஸ் தன் சொந்தப் பட்டியலைப் பயன்படுத்தியதால் தப்பித்தது. மறுநாளே சி.சி.ஏ. மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தது. அந்த வேகத்தைப் பாராட்டுகிறோம்.

எங்கள் கவலை அதற்குப் பிறகு நடந்ததில் இருக்கிறது. தகவலியல் மையத்தின் வழங்கல் முறைக்குள் யாரோ ஊடுருவிவிட்டார்கள், தவறாகப் போனவை நான்கு சான்றிதழ்கள்தான், மூன்று கூகுளுக்கும் ஒன்று யாஹூவுக்கும் என்று சி.சி.ஏ. தெரிவித்தது. அந்த நான்கில் சேராத பொய்ச் சான்றிதழ்களும் தன் கண்ணில் பட்டிருப்பதாக கூகுள் சொன்னது. மைக்ரோசாப்ட் வெளியிட்ட எச்சரிக்கையில் 45 தளப் பெயர்கள் இருந்தன. ஊடுருவலின் முழு அளவு தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, இந்தியாவின் மூலச் சான்றிதழை gov.in போன்ற ஏழு முகவரி வகைகளுக்கு மட்டும் செல்லுபடியாகும்படி குரோமில் கூகுள் கட்டுப்படுத்தியது. பரவலாகத் தவறாகப் பயன்பட்டதற்கு அறிகுறி இல்லை என்றும் அது சொன்னது. ஆனால் எத்தனை பொய்ச் சான்றிதழ்கள் என்பதை வழங்கியவர்களாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கொடுத்ததற்கு அவர்கள் கையை விட்டு வெளியே ஒரு பதிவு இருந்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது.

வெளிநாட்டிலும் இப்படி நடந்திருக்கிறது. 2011-ல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்ற சான்றளிப்பு நிறுவனத்துக்குள் நுழைந்தவர்கள் 500-க்கும் மேற்பட்ட பொய்ச் சான்றிதழ்களைத் தயாரித்தார்கள். ஈரானில் சுமார் 3 லட்சம் பேரின் ஜிமெயில் போக்குவரத்து ஒட்டுக்கேட்கப்பட்டது. நிறுவனம் அந்த ஆண்டு செப்டம்பரில் திவாலானது. அந்த ஊடுருவல் எப்படி நடந்தது என்ற ஆய்வறிக்கை வெளியானது. யாரும் எடுத்துப் படிக்கலாம். இதன் பிறகு, 2013-ல் பொதுப் பதிவேட்டு முறைக்கான இணைய ஆவணம் சோதனை நிலையில் வந்தது. 2018 ஏப்ரலுக்குப் பிறகு வழங்கப்படும் தளச் சான்றிதழ்கள் அந்தப் பதிவேடுகளில் ஏறியிருக்க வேண்டும் என்று குரோம் விதித்தது. இன்று ஒரு கல்லூரி மாணவர்கூடத் தன் கல்லூரித் தளத்தின் பெயரை அடித்து, அதற்கு யார், எந்தத் தேதியில் சான்று கொடுத்தார்கள் என்று பார்த்துவிடலாம்.

நம் டிஜிட்டல் கையெழுத்துகளுக்கு இந்த வசதி இல்லை. எங்கள் பகுதியில் மாவட்ட நீதிமன்றத்தைச் சுற்றி வக்கீல் அலுவலகங்களும் ஆடிட்டர் அலுவலகங்களும் நெருக்கமாக இருக்கின்றன. செப்டம்பர் கடைசி வாரத்தில், வரித் தணிக்கைக் கெடு நெருங்கும்போது, ஏதாவது ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். மேசை டிராயர் நிறைய டி.எஸ்.சி. டோக்கன்கள், அதாவது டிஜிட்டல் கையெழுத்துச் சாவியும் சான்றிதழும் உள்ள டோக்கன்கள், கிடக்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் செலோடேப்பில் கட்சிக்காரர் பெயர். பின் நம்பர் பக்கத்து நோட்டில். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 42-ஆவது பிரிவில், சாவியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் பொறுப்பைச் சந்தாதாரர் தலையில் வைக்கிறது. டோக்கனுக்குச் சொந்தக்காரரான கீழமாசி வீதி மளிகை வியாபாரிக்கு அந்தக் கடமை உண்டு என்பதை நாங்கள் மறுக்கவில்லை.

ஆனால் அவரை ஏமாற்ற டோக்கனைத் திருட வேண்டும் என்பதே இல்லை. அவருடைய அடையாள ஆவணங்களைத் தவறாகப் பயன்படுத்தி, அவர் பெயரில் இன்னொரு சாவிக்கு வேறொரு நிறுவனத்திடம் சான்று வாங்கிவிட்டால் போதும். அவருடைய டோக்கன் வீட்டு பீரோவிலேயே இருக்க, அவர் கையெழுத்து வெளியே கம்பெனி பதிவு செய்துகொண்டிருக்கும். ஆதார் ஓ.டி.பி. மூலம் போடும் இ-சைனில் சாவி உருவாவதும் கையெழுத்திட்டவுடன் அழிவதும் சேவை நிறுவனத்தின் சர்வரில்தான். அழித்துவிட்டோம் என்று அவர்கள் சொல்வதை நாம் நம்பிக்கொள்கிறோம்.

இந்தச் சிக்கல் ஆய்வாளர்களுக்குப் புதிதல்ல. பயனரின் அடையாளத்தையே பொதுச் சாவியாக்கும் யோசனையைச் சங்கேதவியல் ஆய்வாளர் ஷமீர் 1984-ல் முன்வைத்தார். அந்த முறையில் சாவி தயாரிக்கும் மையம் யாருடைய சாவியையும் நகலெடுக்கலாம். விபுல் கோயல் 2007-ல் இதற்கு வழி காட்டினார்: மையம் இரண்டாவது சாவியைத் தயாரித்து வெளியே விட்டால், அந்தச் சாவியே மையத்துக்கு எதிரான சாட்சியாகிவிடும். சான்றிதழ் உலகில் அதே வேலையைப் பொதுப் பதிவேடு செய்யும்.

ஆகவே, ஒருவர் பெயரில் எந்த நிறுவனம் சான்றிதழ் கொடுத்தாலும் அவருடைய பதிவு செய்யப்பட்ட கைபேசிக்கு உடனே செய்தி போக வேண்டும். தன் பெயரில் உள்ள எல்லாச் சான்றிதழ்களையும் அவர் ஒரே இடத்தில் பார்க்க முடிய வேண்டும். பெயர்களை ஊருக்கெல்லாம் காட்டச் சொல்லவில்லை. வெளியே வரிசை எண்ணும் ஹாஷ் என்ற சுருக்கக் குறியீடும் தெரிந்தால் போதும்; விவரம் உரியவருக்கு மட்டும். நம்பகத்தன்மையைப் பாதிக்கும் எதையும் சான்றளிப்பு நிறுவனம் தெரிவிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 34-ஆவது பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. அதற்குக் கெடு நாளும், தவறினால் என்ன ஆகும் என்பதும் தெளிவாக எழுதப்பட வேண்டும். தகவலியல் மையமும் சி.சி.ஏ.வும் ஒரே அமைச்சகத்தின் கீழ் இருப்பதால், அரசு நிறுவனத்தின் தவறை விசாரிக்கும் குழுவில் அமைச்சகத்துக்கு வெளியே உள்ளவர்கள் இருந்தாக வேண்டும்.

ஒரே கையில் முழு அதிகாரம் கொடுக்காமல் வேலை நடக்காது என்ற வாதத்தை ஏற்க மாட்டோம். தமிழ்நாடு அரசின் டெண்டர் தளத்தில் ஒப்பந்தப்புள்ளிகளை ஓர் அதிகாரி தனியாகத் திறக்க முடியாது. குறைந்தது இருவரின் சாவி சேர வேண்டும். மீனாட்சி அம்மன் கோயில் உண்டியலைப் பலர் பார்க்கத் திறந்து எண்ணுகிறோம். தொகை பத்திரிகையில் வருகிறது.

இதை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. மத்திய மின்னணு அமைச்சகம் 2023-ல் இந்திய பிரௌசர் போட்டியை அறிவித்தபோது, சி.சி.ஏ.வின் மூலச் சான்றிதழை உள்ளேயே சேர்த்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. 2025 மார்ச்சில் முதல் பரிசு ஜோஹோவின் 'உலா' பிரௌசருக்குக் கிடைத்தது. நம் மாநிலத்து நிறுவனம் என்பதில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். பொதுப் பதிவேட்டில் ஏறாத எந்தச் சான்றிதழையும், அது அரசுடையதாக இருந்தாலும், ஏற்க மாட்டோம் என்று 'உலா' அறிவிக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம்.

2014 ஊடுருவலின் விசாரணை அறிக்கையைக் கேட்டு எங்கள் உறுப்பினர் ஒருவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுச் செய்வார். கட்சிக்காரர்களின் டோக்கன்களை வைத்திருக்கும் எங்கள் உறுப்பினர்கள், அடுத்த வரித் தாக்கல் தொடங்கும் முன் அவற்றை உரியவர்களிடம் கொடுத்து, பின் நம்பரை மாற்றச் சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள்.