பிறந்தநாள் பரிசாக ஒரு யானை முகாம்

மனைவியின் பிறந்தநாளன்று சொல்லாமல் கொள்ளாமல் அழைத்துச் சென்று, உயிரியல் பூங்காவில் விலங்குகளை அருகில் காட்டி மகிழ்விக்க வேண்டும் என்னும் ஆசை நம் இளம் கணவர்களிடம் பெருகியிருக்கிறது. தொண்டாமுத்தூர்ப் பகுதியில் இப்படி ஒருவர் சொன்னால், வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்பது, “நமக்கு எதற்குங்க பிறந்தநாளெல்லாம்?” என்பதாகத்தான் இருக்கும்.

கேள்வி நியாயமானதே. பிறந்தநாள் கொண்டாட்டத்தை மார்க்க அறிஞர்கள் பலர் கண்டிக்கின்றனர். வணக்கமாகக் கருதாதவரை அது உலக வழக்கம் மட்டுமே என்று கூறுவோரும் உள்ளனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தாம் பிறந்த கிழமையான திங்களன்று நோன்பு நோற்றார்கள் என்று முஸ்லிம் நூலில் உள்ள அறிவிப்பை இரு சாராருமே எடுத்துக்காட்டுவர். அவ்விவாதத்தை நாம் இங்கே தீர்க்கப் போவதில்லை. தயக்கம் உள்ளவர் பயணத்தை அடுத்த வாரத்திற்குத் தள்ளிக்கொள்ளட்டும். மனைவிக்கு வேண்டியது தேதியன்று, கணவரின் ஒரு முழு நாள்.

அதற்கு நமக்கு முன்மாதிரி இருக்கிறது. பெருமானார் (ஸல்) அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. பள்ளிவாசலில் அபிசீனியர் ஈட்டி விளையாடியதை அன்னையவர்கள் பார்ப்பதற்காக, அவர்களாகவே அலுத்துப்போகும்வரை நபியவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள் என்று புகாரியும் முஸ்லிமும் கூறுகின்றன. அலுத்துப்போகும்வரை! கூண்டுக்கு இரண்டு நிமிடம் என்று கைப்பேசியில் மணி பார்க்கும் கணவர்கள் இவ்விடத்தைச் சற்று நிதானமாகப் படிக்கலாம்.

ஆனால் எங்கே அழைத்துச் செல்வது? கோவை மாநகராட்சி நடத்திவந்த வ.உ.சி. உயிரியல் பூங்காவின் அங்கீகாரத்தை, போதிய இடவசதி இல்லாத காரணத்தால் 2022-இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் ரத்து செய்துவிட்டது. நம் தலைமுறை சிறுவயதில் முதலையையும் மானையும் கண்ட இடம் அதுதான். வருத்தம் இல்லாமல் இல்லை. எனினும் அவ்வளவு குறுகிய இடத்தில் அவ்வுயிர்கள் இருந்ததை நினைத்தால் முடிவு சரியென்றே தோன்றுகிறது. இனி வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்கோ, 1892-இல் தொடங்கப்பட்ட மைசூர்ப் பூங்காவுக்கோ செல்லலாம். இவ்விரு இடங்களிலும் ஒரு விலங்கின் பராமரிப்புச் செலவை ஏற்கும் தத்தெடுப்புத் திட்டம் உண்டு. மனைவியின் பெயரால் ஒரு பறவைக்குத் தீனிச்செலவு கட்டுவது, அன்று மாலையே வாடிவிடும் பூங்கொத்தைவிட நல்ல பரிசு.

விலங்கைக் காண்பதற்கும் அதைத் தொட்டுக் கொஞ்சிப் படம் எடுத்துக்கொள்வதற்கும் உள்ள வேறுபாட்டில் நாம் கண்டிப்பாகவே இருக்கிறோம். வெளிநாட்டுச் சுற்றுலாவில் புலிக்குட்டிக்குப் புட்டிப்பால் கொடுத்துப் படம் எடுப்பது ஒரு காலத்தில் பெருமையாக இருந்தது. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ‘புலிக்கோவில்’ என்று பெயர்பெற்ற இடத்திலிருந்து 2016-இல் அதிகாரிகள் 137 புலிகளை மீட்டபோது, உறைபெட்டியில் 40 குட்டிகளின் உடல்கள் கிடந்தன. புன்னகைத்துப் படம் எடுத்தவர்கள் எவரும் அப்பெட்டியைக் கண்டதில்லை. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், பூங்கா விலங்குகளைச் சீண்டுவதையும் அவற்றுக்குத் தீனி போடுவதையும் தடைசெய்கிறது. சட்டத்திற்கு வெகுகாலம் முன்பே, பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் செய்தியை நாம் கேட்டிருக்கிறோம். அப்படியானால் அடைத்துவைப்பதே கூடாதா என்றால், அவ்வாறும் இல்லை. அபூஉமைர் என்னும் சிறுவர் வளர்த்த குருவியைப் பற்றி நபியவர்கள் அன்போடு விசாரித்த செய்தியிலிருந்து, நன்கு பேணினால் பறவை வளர்க்கலாம் என்று அறிஞர்கள் விளக்கம் எடுத்தனர். பேணுதல்தான் நிபந்தனை.

நம்மைக் கேட்டால், தொண்டாமுத்தூர்க்காரர் பூங்காவைவிட முதுமலையின் தெப்பக்காடு யானைகள் முகாமுக்குச் செல்வதே பொருத்தம் என்போம். காரணம் நம் மண்ணிலேயே இருக்கிறது. நரசீபுரம், போளுவாம்பட்டி மலையடிவாரங்களில் யானை என்றாலே அச்சம். ஒரே இரவில் வாழைத்தோட்டம் அழியும். அரிசி வாசனைக்கு வீட்டுச் சுவரே இடியும். ஃபஜ்ருக்குப் புறப்படும் கணவர் திரும்பி வரும்வரை வாசலையே பார்த்திருக்கும் பெண்கள் அங்கு உண்டு. அவர்கள் அறிந்த யானை, இருட்டில் கேட்கும் ஒரு மூச்சொலி. பட்டாசு வெடித்து விரட்டப்படும் ஒரு நிழல். திருமறையில் யானையின் பெயரால் ஓர் அத்தியாயத்தையே ஓதுகிறோம்; பகல் வெளிச்சத்தில் அதன் கண்ணிமையைப் பார்த்ததில்லை.

தெப்பக்காட்டில் காலையும் மாலையும் யானைகளை வரிசையாக நிறுத்தி, ராகி, அரிசி, கொள்ளு, வெல்லம், உப்பு சேர்த்துப் பிசைந்த கவளங்களைப் பாகன்கள் ஊட்டுவர். நாம் தள்ளி நின்று காணலாம். 2023-இல் ஆஸ்கர் வென்ற ஆவணப்படத்தில் வந்த ரகு என்னும் குட்டியைப் பொம்மனும் பெள்ளியும் வளர்த்தது இங்கேதான். மிரட்டிய உருவமே வாய்திறந்து கவளத்துக்குக் காத்திருப்பதைக் கண்ட பின், தோட்டத்தின் இழப்பு குறைந்துவிடாது. வெறுப்பு மட்டும் சற்றுத் தளரலாம். உங்களைப் போன்ற சமுதாயங்களே என்று விலங்குகளைப் பற்றித் திருமறை கூறுவதன் பொருளை, வெறும் பயானைவிட அக்காட்சி தெளிவாக உணர்த்தும்.

இன்ப அதிர்ச்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முந்தைய இரவு பதினொரு மணிக்கு, “நாளை கிளம்புகிறோம், புளிச்சாதம் கட்டிவிடு” என்று அறிவிப்பது பரிசன்று, கூடுதல் வேலை. மாமியாரின் மருந்து, பிள்ளைகளின் உடுப்பு, வழிச்சாப்பாடு ஆகியவற்றைக் கணவரே முன்னதாக ஏற்பாடு செய்திருக்க வேண்டும். தாய்வீட்டிலோ நாத்தனாரிடமோ ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் பாதி வேலை முடியும். சில பெண்களுக்கு மறைத்துச் செய்வதே பிடிக்காது. அவர்களிடம் முன்பே சொல்லிவிடுவதே அன்பு.

நீலகிரிக்குள் வெளியூர் வாகனங்கள் செல்ல 2024 மே மாதம் முதல் இ-பாஸ் தேவை. தொலைவு நூறு கிலோமீட்டரைத் தாண்டுவதால் நான்கு ரக்அத் தொழுகைகளைச் சுருக்கித் தொழலாம். ஷாஃபி மத்ஹபினர் லுஹரையும் அஸரையும் சேர்த்தும் தொழலாம், ஹனஃபிகள் அததன் நேரத்திலேயே தொழ வேண்டும். ஆகவே பெண்கள் ஒளூச் செய்யவும் தொழவும் வசதியுள்ள இடத்தை வழியில் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். இல்லை, பூங்காவுக்குத்தான் போவோம் என்போர் செவ்வாய்க்கிழமையைத் தவிர்க்க வேண்டும்; வண்டலூரும் மைசூரும் அன்று விடுமுறை.